ஊருக்கே போய்விடலாமா? முதலில் திரும்பி வரும் செலவைப் போடுங்கள்

பொங்கல் முடிந்து தென்காசியில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறிப் பாருங்கள். எலுமிச்சை சாதப் பொட்டலத்தைப் பிரிக்கும்போதே ஏதாவது ஒரு சீட்டில் பேச்சு ஆரம்பித்துவிடும்: "பேசாம ஊருக்கே வந்துரலாமா?" கடையநல்லூர் தாண்டுவதற்குள் வீடு பார்த்துவிடுவார்கள். ராஜபாளையத்துக்குள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தாகிவிடும். விருதுநகரில் மாடுகூட வாங்கிவிடுவார்கள். மறுநாள் காலை தாம்பரம் கூட்டத்தில் பெட்டியை இறக்கும்போது எல்லாம் கலைந்துபோகும். அடுத்த பொங்கலுக்கு மறுபடியும் அதே எலுமிச்சை சாதம், அதே பேச்சு.

2023 ஜனவரியில் நாங்களும் பேசினோம். அப்போது சென்னை மேடவாக்கத்தில் வாடகை வீடு. கணவருக்கு ஓ.எம்.ஆரில் மென்பொருள் வேலை. நான் வீட்டிலிருந்தே இரண்டு சின்ன நிறுவனங்களுக்குக் கணக்கு பார்க்கிறேன். மகள் நான்காம் வகுப்பு, மகன் யு.கே.ஜி. 2024 மே மாதம்தான் தென்காசிக்கு வந்து சேர்ந்தோம். நடுவில் பதினாறு மாதம். அதில் பாதி வீண் சண்டை, மீதிப் பாதி உருப்படியான வேலை. அந்த உருப்படியான பாதியை மட்டும், இந்தப் பேச்சை இப்போதுதான் ஆரம்பிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். உங்களுடையது ஊர் திரும்பும் விஷயமாக இல்லாமல் வளைகுடா வேலையாகவோ, தனிக்குடித்தனமாகவோ, வேலையை விட்டுக் கடை வைப்பதாகவோ இருந்தாலும் வரிசை ஏறக்குறைய இதேதான்.

முதல் படி: என்ன பிரச்சினை என்று தனித்தனியாக எழுதுங்கள்

உட்கார்ந்து பேசாதீர்கள். பேசினால் குரல் பெரிதாக இருப்பவர் ஜெயிப்பார். ஆளுக்கொரு காகிதம் எடுத்து, "இப்போது இங்கே எனக்கு என்ன முடியவில்லை?" என்ற ஒரு கேள்விக்கு மட்டும் எழுதுங்கள். புது ஊரில் என்னென்ன கிடைக்கும் என்று எழுத வேண்டாம். அதில் எல்லோரும் கவிஞர்கள் ஆகிவிடுவோம்.

எங்கள் வீட்டில் கணவர் எழுதியது: அப்பாவின் முழங்கால் ஆபரேஷன், சோழிங்கநல்லூர் ரோட்டில் தினமும் இரண்டரை மணி நேரம். நான் எழுதியது: வாடகை, மகனின் வீசிங், பேச ஆளில்லாத மத்தியானங்கள். மகள் எழுதியது: "தாத்தா வீட்டில் நாய் இருக்கு. ஆனா வைஃபை இல்ல." நான்காம் வகுப்புப் பிள்ளை ஒரே வரியில் சாதகமும் பாதகமும் சொல்லிவிட்டாள்.

இப்போது ஒவ்வொரு வரியையும் பார்த்து, "இது ஊர் மாறாமலே தீருமா?" என்று கேளுங்கள். மாமனாருக்குக் காலையும் மாலையும் வந்து பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வைத்தோம், மாதம் 6,000. கணவர் மேலாளரிடம் கேட்டு வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை என்று மாற்றிக்கொண்டார். பட்டியலில் பாதி அடிபட்டுப் போனது. மூன்று மாதம் இப்படி ஓட்டிப் பார்த்தும் மிச்சம் நின்றவைதான் உண்மையான காரணங்கள். அவற்றுக்காக மட்டும் ஊர் மாறலாம். எல்லாமே அடிபட்டுப் போய்விட்டால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு நிம்மதியாக இருங்கள்.

இதில் யாரும் சொல்லாத ஒரு விஷயம் உண்டு. என் கணவருக்கு அது "ஊர் திரும்புவது". எனக்கு? நான் பிறந்தது குடியாத்தம். தென்காசிப் பக்கம் எனக்குப் புகுந்த ஊர். அவருக்குத் திண்ணையும் சிநேகிதர்களும் காத்திருக்கிறார்கள். எனக்குக் காத்திருப்பது இன்னொருத்தருடைய அடுப்படி. ஒரே வீட்டில் ஒருவருக்கு மாற்றம் நிம்மதியாக வரும், இன்னொருவருக்கு அதே மாற்றம் இடப்பெயர்ச்சி. இதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு நாலு மாதம் ஆனது. சொன்ன பிறகுதான் பேச்சு ஒழுங்காக நகர்ந்தது. உங்கள் வீட்டில் "எனக்கு எதுவானாலும் சரி" என்று சொல்பவர் யாராவது இருந்தால் அவரைத்தான் முதலில் தனியாகக் கேட்க வேண்டும்.

இரண்டாம் படி: திரும்பி வரும் செலவு

நான் சொல்ல வந்ததே இதுதான். போவதற்கு எவ்வளவு ஆகும் என்று எல்லோரும் கணக்குப் போடுவார்கள். போன இடம் சரிப்படாவிட்டால் ஒரே வருடத்தில் திரும்பி வர எவ்வளவு ஆகும் என்று பாருங்கள். அந்தத் தொகை கையில் இருந்தால் துணிந்து போகலாம். இல்லையென்றால், அது சேரும்வரை இருக்கிற இடத்திலேயே இருக்கலாம். "மனசு என்ன சொல்லுது" என்பதெல்லாம் இதற்கு அப்புறம்.

எங்கள் கணக்கு இது. சாமான் லாரி 30,000. சென்னையில் மறுபடி வீடு பிடிக்க, 18,000 வாடகைக்கு ஐந்து மாத அட்வான்ஸ் 90,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 18,000. இரண்டு பிள்ளைகளுக்கும் பள்ளிச் சேர்க்கை 60,000. வேலை கிடைக்காமல் இரண்டு மாதம் ஓட்ட வேண்டியிருந்தால் 90,000. மொத்தம் 2,88,000. இதைத் தனி டெபாசிட்டில் போட்டு, "இது நம் பணம் இல்லை" என்று பேசி வைத்துக்கொண்டோம். மாமியாருக்குக்கூட இதைச் சொல்லவில்லை.

அட்வான்ஸ் பற்றி ஒரு வார்த்தை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, தனியாக வேறு உடன்பாடு இல்லாவிட்டால், குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. நடப்பது என்ன என்று சென்னையில் வீடு தேடியவர்களுக்குத் தெரியும். காலி செய்யும்போது பெயிண்ட் அடிக்க, பாத்ரூம் குழாய் மாற்ற என்று எங்கள் வீட்டுக்காரர் 22,000 பிடித்தார். குடிவரும் அன்றே சுவர், குழாய், கதவு எல்லாவற்றையும் படம் எடுத்து அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்திருந்தால் பாதியாவது திரும்பியிருக்கும்.

பணமாகத் திரும்பாத விஷயங்களும் உண்டு. எனவே ஒவ்வொரு காரியத்தையும் இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

சுலபமாகத் திரும்புபவை: வாடகை வீடு, கேஸ், ரேஷன். வெளியூர் போகும்போது சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்தால் டெபாசிட் தருவார்கள், அதற்கான வவுச்சரைக் காட்டிப் புது ஊரில் எடுத்துக்கொள்ளலாம். ரேஷன் கார்டு முகவரியை அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். 2020 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டில் எந்தக் கடையிலும் கைரேகை வைத்து வாங்கலாம். ஒரு வருடம் தங்கிப் பார்த்துவிட்டு மாற்றினால் போதும்.

கஷ்டப்பட்டுத் திரும்புபவை: வேலை, பள்ளியின் பாடத்திட்டம்.

திரும்பவே திரும்பாதது: விற்ற வீடு. சென்னையில் சொந்த ஃபிளாட் இருந்தால் முதல் இரண்டு வருடம் வாடகைக்கு விடுங்கள், விற்காதீர்கள். மனம் மாறி மறுபடி ஒரு பழைய ஃபிளாட் வாங்கினால் முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவு 2 சதவீதம். 40 லட்சம் மதிப்புக்கு அதுவே 3,60,000 ஆகிவிடும். அதற்குள் விலையும் எங்கேயோ போயிருக்கும். சென்னை வீட்டை விற்று ஊரில் தோப்பு வாங்கிய கணவரின் பெரியப்பா மகன் இன்றைக்கும் வேளச்சேரி என்ற பெயரைக் கேட்டால் பேச்சை மாற்றுவார்.

மூன்றாம் படி: சாதாரண நாட்களில் வாழ்ந்து பாருங்கள்

மே மாதம் ஊர் எல்லோருக்கும் பிடிக்கும். ஜூன், ஜூலையில் சாரல் அடித்து குற்றாலத்தில் தண்ணீர் விழும்போது யாருக்கும் பிடிக்கும். அதெல்லாம் விருந்தாளியாகப் பார்க்கிற ஊர்.

நாங்கள் 2023 செப்டம்பர் கடைசியில், காலாண்டு விடுமுறையோடு ஒரு வாரம் சேர்த்துப் போனோம். விருந்து வேண்டாம், கோயில் குளம் வேண்டாம், இரண்டு பேரும் அங்கிருந்தே வேலை பார்ப்பது என்று ஏற்பாடு. முதல் நான்கு நாள் அத்தை, "நீ உன் வேலையப் பாரும்மா, நான் பாத்துக்கிடுதேன்" என்று காபியை மேஜைக்கே கொண்டுவந்து வைத்தார்.

ஐந்தாம் நாள் காலை பதினொன்றேகால். ஒரு நிறுவனத்தின் ஜி.எஸ்.டி. கணக்கில் குழப்பம், போனில் முதலாளி கத்திக்கொண்டிருக்கிறார். மேலத்தெரு சித்தி முறுக்கு டப்பாவோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். ஜன்னல் வழியாகக் கேட்டது: "மருமவ வெளிய வர மாட்டாளோ?" அத்தை என்ன பதில் சொன்னார் என்று கேட்கவில்லை. ஆனால் அன்று மத்தியானம் ரசத்தை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார், ஊற்றவில்லை. பதினாறு வருடத்தில் அது முதல் தடவை.

இதில் யார் மேலும் தப்பில்லை. அந்த வீட்டில் பகல் பதினோரு மணி என்பது ஆட்கள் வந்து போகும் நேரம். என் வேலையில் பதினோரு மணி என்பது தலை நிமிர முடியாத நேரம். இரண்டு கடிகாரம் ஒரே சுவரில் தொங்க முடியாது. அந்த ஒரு ரசத்தால் எங்கள் திட்டமே மாறியது. மாமனார் வீட்டு மாடியில் குடியேறுவது என்றிருந்ததை, தென்காசி டவுனில் 8,500 வாடகைக்குத் தனி வீடு, அங்கிருந்து மாமனார் ஊருக்கு பஸ்ஸில் இருபத்தைந்து நிமிடம் என்று மாற்றினோம். அத்தைக்கு அப்போது வருத்தம். இப்போது ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவரே, "சாயங்காலம் கிளம்புதீயளா?" என்று இரண்டு தடவை கேட்கிறார். கிளம்ப வேண்டும் என்றுதான் கேட்கிறார்.

சோதனை வாரத்தில் கட்டாயம் பார்க்க வேண்டியவை இன்னும் சில. பகலில் எத்தனை தடவை கரண்ட் போகிறது, போனால் இணையம் நிற்கிறதா? ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளைக்கு மூச்சு வாங்கினால் எந்த ஆஸ்பத்திரி, வண்டி யார் ஓட்டுவது? மாவட்டத் தலைமை மருத்துவமனை தென்காசியிலேயே இருக்கிறது. பெரிய சிகிச்சை என்றால் திருநெல்வேலி, சுமார் 55 கிலோமீட்டர். அந்தத் தூரத்தை ஒரு ராத்திரி நிஜமாகவே ஓட்டிப் பார்த்தோம். பைத்தியக்காரத்தனம் என்று மாமா சிரித்தார். பரவாயில்லை.

நான்காம் படி: வேலையின் காகிதங்கள்

இந்த ஊர் பெயரைச் சொன்னதுமே, "அதான் மத்தளம்பாறையில ஜோஹோ இருக்கே" என்பார்கள். அந்த மென்பொருள் நிறுவனம் இருக்கிறது, 2011 முதல். ஒரு நிறுவனம் அங்கே இருப்பது ஒன்று, அதில் உங்களுக்கு வேலை இருப்பது வேறு. இருக்கிற வேலையோடு போகிறீர்களா, வேலையை விட்டுவிட்டா என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

வேலையோடு போவதாக இருந்தால் "வீட்டிலிருந்தே பாருங்க, பிரச்சினையில்லை" என்று மேலாளர் வாயால் சொன்னதை நம்பி லாரி பேசாதீர்கள். மின்னஞ்சலில் வாங்குங்கள். வாங்கினாலும் அது மாறலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு மாறியது, கடைசியில் சொல்கிறேன்.

விடுவதாக இருந்தால் தேதியைப் பாருங்கள். நிரந்தர ஊழியருக்குத் தொடர்ந்து ஐந்து வருடம் முடிந்தால்தான் பணிக்கொடை (கிராஜுவிட்டி). கணக்கில் வரும் மாதச் சம்பளம் 40,000 என்றால், வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாக வைத்து: ஐந்து வருடத்துக்குச் சுமார் 1,15,000 ரூபாய். நாலே முக்கால் வருடத்தில் விடுகிறேன் என்று நின்ற ஒரு சிநேகிதியை மூன்று மாதம் பிடித்து உட்கார வைத்தோம். பி.எஃப். பணத்தை எடுக்காதீர்கள். ஐந்து வருடத் தொடர் பணிக்கு முன் எடுத்தால் வரி விழும். அடுத்த வேலைக்கு அதே எண்ணில் மாற்றிக்கொண்டு பத்து வருடம் சேர்த்தால் ஓய்வூதியத் தகுதி வரும்.

நிறைய பேர் கோட்டை விடுவது மருத்துவக் காப்பீட்டில். கம்பெனி கொடுத்த குழுக் காப்பீடு பெரும்பாலும் வேலையின் கடைசி நாளோடு முடியும். புதிதாகத் தனியாக எடுத்தால் விபத்தைத் தவிர மற்றவற்றுக்கு முதல் 30 நாள் பணம் தர மாட்டார்கள். சர்க்கரை, பி.பி. போல ஏற்கனவே இருக்கும் நோய்களுக்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம். ஆகவே ராஜினாமா கடிதத்துக்கு முன்பே குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு பாலிசி எடுத்துவிடுங்கள். குழுக் காப்பீட்டிலிருந்து அதே நிறுவனத்தின் தனிப் பாலிசிக்கு மாறும் வழி இருக்கிறதா என்றும் கேளுங்கள். பெற்றோரின் ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் வாங்கிக் கொடுங்கள். மாமாவுக்கு நாங்கள் வந்த பிறகுதான் வாங்கினோம். முன்பே வாங்கியிருந்தால் முழங்காலுக்கு உதவுமா என்றாவது கேட்டிருக்கலாம்.

ஐந்தாம் படி: பள்ளிக்கூடம்தான் காலண்டர்

பெரியவர்கள் எந்த மாதமும் மாறலாம். பிள்ளைகள் ஜூனில்தான் மாற வேண்டும். அதிலும் ஐந்து முடிந்து ஆறு போகும் ஜூன் மிக நல்லது. எல்லோருமே புதிதாக வந்து சேரும் வகுப்பு, நம் பிள்ளை மட்டும் புதுசாகத் தெரியாது. இன்னொரு காரணமும் இருக்கிறது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தால் மருத்துவம், பொறியியல் சேர்க்கையில் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுக்குத் தகுதி. கல்லூரி போகும்போது பெண்பிள்ளைக்குப் புதுமைப் பெண், ஆண்பிள்ளைக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். ஏழாம் வகுப்பில் யோசித்துப் பயனில்லை. நாங்கள் மகளை அரசுப் பள்ளி ஆங்கில வழியில் ஆறாவது சேர்த்தோம். முதல் பருவத்தில் தமிழ்ப் பாடத்தில்தான் திணறினாள். சென்னைப் பிள்ளைக்குச் செய்யுள் அவ்வளவுதான் வந்தது.

ஒன்பது முடிந்து பத்து, பதினொன்று முடிந்து பன்னிரண்டு: அந்த இரண்டு ஜூன்களிலும் வீட்டை நகர்த்தாதீர்கள். சி.பி.எஸ்.இ. என்றால் அந்த வகுப்புகளில் நேராகச் சேர்ப்பதற்கே கட்டுப்பாடு உண்டு.

மாற்றுச் சான்றிதழ் கேட்கும்போதே பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் எமிஸ் எண்ணும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்புவரை, சான்றிதழ் தாமதமாகிறது என்பதற்காக அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ சேர்க்க மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது.

ஆறாம் படி: தேதி குறியுங்கள், எதற்குத் திரும்புவோம் என்றும் எழுதுங்கள்

"வேண்டாம், இங்கேயே இருப்போம்" என்று முடிவானால் அதற்கும் தேதி போடுங்கள். இரண்டு வருடத்துக்கு இந்தப் பேச்சை எடுப்பதில்லை என்று. எடுக்காமல் இருப்பதோடு, இருக்கிற ஊரில் ஒழுங்காகக் குடியிருங்கள். மேடவாக்கம் வீட்டில் எங்கள் பரணில் ஏழு அட்டைப்பெட்டி 2018-லிருந்து பிரிக்காமல் கிடந்தது. "எப்படியும் போயிருவோம், எதுக்குப் பிரிக்கணும்?" திரைச்சீலை மாட்டவில்லை, நல்ல பீரோ வாங்கவில்லை, எதிர்வீட்டு அக்காவோடு ஒட்டவில்லை. மத்தியானங்களில் பேச ஆளில்லை என்று நான் காகிதத்தில் எழுதினேனே, அதில் பாதிப் பழி அந்த ஏழு பெட்டி மேல்தான்.

போவதென்று முடிவானால், லாரி ஏற்றும் முன் இருவரும் உட்கார்ந்து, எது நடந்தால் திரும்புவோம் என்று மூன்று வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எங்கள் மூன்று வரி:

ஒன்று, மகள் முழுப் பரீட்சை வரையிலும் ஒரு தோழியைக்கூட வீட்டுக்குக் கூட்டிவராவிட்டால்.

இரண்டு, என் இரண்டு வாடிக்கையாளர்களில் ஒருவர் போய், ஆறு மாதத்தில் வேறொருவர் கிடைக்காவிட்டால்.

மூன்று, ஊர் மாறியதால் வாடகையில் மிச்சமாவதைவிட, வேலைக்காகச் சென்னை போய்வரும் செலவு கூடிவிட்டால்.

மறுபரிசீலனைத் தேதி மார்ச் 15. பள்ளிச் சேர்க்கைக்கும் வீடு தேடவும் நேரம் இருக்கும் என்பதால் மார்ச். நடுவில் எவ்வளவு சண்டை வந்தாலும் அந்தத் தேதிக்கு முன் "திரும்பிரலாம்" என்ற வார்த்தை வரக்கூடாது. இரண்டு தடவை வந்தது, இரண்டும் என் வாயிலிருந்து.

2025 பிப்ரவரியில் கணவரின் அலுவலகம், மாதத்தில் ஒரு வாரம் நேரில் வந்தே ஆக வேண்டும் என்று சொன்னது. ரயில், பி.ஜி. அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்து மாதம் 9,000. வாடகையில் மிச்சம் 18,000 கழித்தல் 8,500, அதாவது 9,500. மார்ச் 15 அன்று காகிதத்தை எடுத்துப் பார்த்தபோது ஐந்நூறு ரூபாயில் தப்பித்தோம். அந்தக் காகிதம் மட்டும் இல்லையென்றால் பிப்ரவரியிலேயே மூட்டை கட்டியிருப்போம், அல்லது அலுவலகத்தைத் திட்டிக்கொண்டே வருடக்கணக்கில் ஓட்டியிருப்போம்.

2026 மார்ச்சுக்கும் அதே காகிதம்தான், மூன்றாவது வரியில் மட்டும் தொகையைத் திருத்தியிருக்கிறோம். மகளின் தோழிகள் மூன்று பேர் சனிக்கிழமை வந்து ஃப்ரிட்ஜைக் காலி செய்கிறார்கள். 2,88,000 அப்படியே இருக்கிறது. ஏழு பெட்டிகளில் நாலைப் பிரித்துவிட்டோம். மிச்சம் மூன்றில் ஒன்றில் என் கல்யாண வெண்கலப் பானை இருக்கிறது என்கிறார் அவர், இல்லை, அது குடியாத்தத்தில் அம்மா வீட்டில்தான் இருக்கிறது என்கிறேன் நான்.